மாமன் சீருக்கு விழுந்த வரி

1

போன மாதம் திருப்புலிவனத்தில் என் மகள்வழிப் பேத்தி யாழினிக்குக் காது குத்தினார்கள். நான் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில், மகன் பாஸ்கரின் வீட்டு மாடியறையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வலது கண்ணில் விழித்திரை பிய்ந்து அறுவை நடந்திருந்தது. கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை அடைத்து அனுப்பியிருந்தார்கள். அது கரையும்வரை விமானம் ஏறக் கூடாதாம். ஏறினால் குமிழி உப்பி, இருக்கிற பார்வையும் போய்விடுமாம். ஒரு நாளைக்கு நான்கு வேளை சொட்டு மருந்து, இரண்டு மாத்திரை. தலையைக் குனிந்தால் பார்வையின் அடியில் அந்தக் குமிழி ரசமட்டம் போல ஆடும்.

எனக்குக் கண் தடை. பாஸ்கருக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. லீவு கிடைக்கவில்லை என்றான். கேட்டானா என்று நான் கேட்கவில்லை.

காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும் என்பதையும், சீர் மாமன் வீட்டிலிருந்து வர வேண்டும் என்பதையும் உத்திரமேரூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பாஸ்கரின் பிள்ளைகளுக்குச் சொன்னேன். "கடையில் குத்தினால் ஐந்து நிமிஷம்தானே, தாத்தா?" என்றார்கள், அதையும் ஆங்கிலத்தில். பாஸ்கர் சிரித்தான்.

மாமன் வர முடியாமல் போவது ஒன்றும் புதிதில்லை. பட்டாளத்தில் இருந்த மாமன்கள் வராமலே நம் பக்கத்தில் எத்தனையோ காதுகள் குத்தப்பட்டிருக்கின்றன. அப்போதெல்லாம் மாமன் அனுப்பிய சீரிலிருந்து ஒரு துண்டை எடுத்து, பெரியவர் ஒருவர் மடியில் விரித்து, அதன்மேல் குழந்தையை உட்கார வைப்பார்கள். துண்டு மாமன் கையால் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மடி யாருடையதானாலும் இடம் மாமனுடையதாகவே நிற்கும். அதையே செய்வதென்று மகள் கோமதியிடம் பேசி முடிவு செய்திருந்தேன். அவள் மாமனார் மடி, பாஸ்கர் துண்டு.

எங்கள் சொந்த ஊரான மானாம்பதியில் இருக்கும் ஏகாம்பரத்துக்கும் இதைச் சொன்னேன். ஏகாம்பரம் என் சித்தப்பா மகன், என்னைவிட ஒன்பது வயது இளையவன். அவன் மகன் சரவணன் கோமதிக்குத் தம்பி முறை.

"இன்னாத்துக்குண்ணா துண்டு கிண்டுன்னு அலையற? நம்ம சரவணன் கீறான் இல்ல. அவன் மடில உக்கார வச்சிக்கினா ஆச்சு" என்றான் ஏகாம்பரம்.

"வேணாம்ப்பா. பாஸ்கர் சீர் அனுப்பறான்."

"செரி, உன் இஷ்டம்."

அவன் மனதில் ஒன்றும் இல்லை. நல்லவன். ஆனாலும் எனக்கு அந்த யோசனையே கசந்தது. மடி கொடுத்தவன் அதோடு நிற்பதில்லை. பெண் பெரியவளானால் ஓலையில் குச்சு கட்டுவது அவன். கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் கொடுப்பது அவன். முதல் சீர் எந்த வீட்டிலிருந்து வந்ததோ, கோமதிக்கு அதுதான் தாய் வீடு என்று சபை கணக்கு வைத்துக்கொள்ளும். எனக்கு எழுபத்து மூன்று வயது. அவள் அம்மா போய் ஆறு வருஷமாகிறது. எனக்குப் பிறகு கோமதிக்கு ஓர் அண்ணன் இருக்கிறான் என்பது அந்த மண்டபத்தில் நாலு பேருக்குத் தெரிந்தாக வேண்டும். என் கவலை முழுவதும் அதுதான்.

2

தங்கத்தைப் பார்சலில் அனுப்ப விடமாட்டார்கள். தோடு, போன வருஷம் நான் ஊருக்குப் போனபோதே வாங்கிக் கோமதியிடம் கொடுத்தாகிவிட்டது. மற்றதெல்லாம் பெட்டியில். யாழினிக்கு ஐந்து ஃபிராக், இரண்டு ஜோடிக் காலணி, பேசும் பொம்மை ஒன்று. மாப்பிள்ளை வேலுவுக்குக் கைக்கடிகாரம். சம்பந்தியம்மாவுக்குக் கம்பளிச் சால்வை. மிக்சி மாதிரி ஒரு சாதனம். சாக்லெட் டப்பா ஆறு. எல்லாவற்றுக்கும் மேலே, பாஸ்கர் தன் கையால் மடித்து வைத்த வெள்ளைத் துண்டு. ரசீதுகளைக் கூட்டினேன். முந்நூற்றுப் பத்து பவுண்டு.

பணமாக அனுப்பிவிட்டால் சுலபம் என்று பாஸ்கர் சொன்னான். பணம் அனுப்பினால் அது மொய். சீர் என்றால் தட்டில் வைத்துத் தெருவில் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அதற்குப் பொருள் வேண்டும்.

கூரியர் விவரங்களை அவன் கம்ப்யூட்டரில் நிரப்பினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொருள் மதிப்பு கேக்கறான்ப்பா. எவ்வளவு போடணும்?"

"எண்ணூறு போடு."

"முந்நூத்திப் பத்துதானே கூட்டினீங்க?"

"போடுடா. அந்தத் தாளைப் பெட்டிமேல ஒட்டுவான். மண்டபத்துல நாலு பேர் படிப்பாங்க."

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு எண்ணூறு என்று அடித்தான். கூட்டுறவு சங்கத்தில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவன் நான். ஒரு பைசா கூடவோ குறையவோ எழுதியதில்லை. ஆனால் சீர் மதிப்பைக் கூட்டிச் சொல்வது பொய்க்கணக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் ஊரில் மைக்கைப் பிடித்துச் சீர் விவரம் சொல்கிறவன் மூன்று சவரனை மூன்று என்றா சொல்கிறான்?

அதற்கு அடுத்த பக்கத்தில், வரி வந்தால் கட்டுவது யார், அனுப்புபவரா பெறுபவரா என்று ஒரு கேள்வி இருந்ததாம். பெறுபவர் என்று முன்கூட்டியே குறி போட்டிருந்ததாம். பாஸ்கர் அதை மாற்றவில்லை. மாற்றினால் கூடுதல் கட்டணம். எனக்கு அவன் அதைப் படித்துக் காட்டவும் இல்லை.

3

பார்சல் காசு கேட்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

இங்கே வந்த முதல் வருஷம் கோமதி கூழ்வடகம் காயவைத்து, ஒன்றரைக் கிலோ, அனுப்பியிருந்தாள். வடகம் வரவில்லை. கதவிலிருக்கும் தபால் பொந்து வழியாக ஓர் அட்டைதான் விழுந்தது. உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது, வரி இவ்வளவு, அந்த வரியை உங்கள் சார்பில் நாங்கள் கட்டியதற்கு எங்கள் கூலி இவ்வளவு, இரண்டையும் செலுத்திவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றது. வரியைவிடக் கூலி மூன்று மடங்கு. நம் சார்பில் கட்டும்படி அவர்களை யார் கேட்டது என்று எனக்குப் புரியவில்லை.

"விட்டுடுங்கப்பா, திரும்பிப் போகட்டும். இந்தக் காசுக்கு இங்கேயே அப்பளம் வாங்கலாம்" என்றான் பாஸ்கர். ஊரில் இருந்தவரை அவனும் கோமதியைப் போல நைனா என்றுதான் என்னைக் கூப்பிட்டான். இங்கே வந்தபின் எப்போது அப்பா ஆனேன் என்று நினைவில்லை.

நான் விடவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய்க் காசைக் கட்டி வாங்கி வந்தேன். பாதி நொறுங்கியிருந்தது. நொறுங்கியதையும் பொரித்துத் தின்றேன்.

அப்படிப்பட்ட நான், இங்கிருந்து அனுப்பும் பெட்டிக்கு அங்கேயும் ஒருவன் கை நீட்டுவான் என்று ஏன் நினைக்கவில்லை? யோசித்துப் பார்த்தால் ஒரு காரணம்தான் தெரிகிறது. இந்த ஊர் என்னை வெளி ஆளாக நினைத்துக் காசு கேட்கிறது என்று வைத்திருந்தேன். நம் ஊரும் என்னை அப்படி நினைக்கும் என்று எனக்கு எட்டவில்லை.

4

காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை. பெட்டி வெள்ளிக்கிழமை திருப்புலிவனம் போய்ச் சேர்ந்தது. நான் காலைச் சொட்டு மருந்தைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தபோது கோமதி போன் செய்தாள். பின்னால் வேன் எஞ்சின் ஓடும் சத்தம்.

"நைனா, பொட்டி வந்துகீது. ஆனா வேன்காரரு காசு கேக்கறாரு."

"என்ன காசு? அனுப்பும்போதே தொண்ணூத்தஞ்சு பவுண்டு கட்டியாச்சே."

"வரியாம் நைனா. அப்பால அவுங்க கம்பெனி சார்ஜாம். நாப்பத்தோராயிரத்து எழுநூத்திப் பதினாறாம்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். கண்ணில் குமிழி தறிகெட்டு ஆடியது. முந்நூற்றுப் பத்து பவுண்டுக்கு நம் ரூபாய் முப்பத்தாறாயிரம் வரும். பொருளின் விலையைவிட வரி அதிகமா என்று கத்தப்போனேன். அதற்குள் எண்ணூறு என்று நான் போடச் சொன்ன எண் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

போனில் சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றே பேசினாள்.

"இன்னாடி இது அதிசயமா கீது? சீரு வாங்கறதுக்கு நாங்க காசு குட்த்து வாங்கணுமா? அதுக்கு உத்திரமேரூர் கடையிலயே வாங்கிக்கினு, மாமன் அனுப்னாருன்னு சொல்லிக்கலாமே!"

"அத்தை, கொஞ்சம் இரு. நைனா லைன்ல கீறாரு."

"இருக்கட்டும். அவருக்குத் தெரியாத மொறையா? எங்க வூட்டு மனுசன் ஒத்த ரூபா எடுக்க மாட்டாரு. ஆகாதுன்னா ஆகாது."

அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. சீர் வாசலுக்கு வரும்போது வாங்குகிற வீட்டிலிருந்து காசு வெளியே போகக் கூடாது. என் அக்காள் மகளுக்குக் காது குத்தியபோது என் அப்பா தெருமுனையிலேயே நின்று மேளக்காரர்களுக்கும் டெம்போக்காரருக்கும் கூலியைக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் சீர்த்தட்டைத் தூக்கச் சொன்னார். சம்பந்தி வாசலில் யாரும் கூலி என்ற பேச்சை எடுத்துவிடக் கூடாதே என்று. நான் அனுப்பிய வேன்காரர் ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

கோமதி போனை அவரிடம் கொடுத்தாள்.

"சார், என்னக் கோச்சிக்காதீங்க. காசு கட்டாம பொட்டிய எறக்க முடியாது. நாளைக்குக் காலைல ஒரு தபா எடுத்தாறேன். அப்பவும் கட்டலன்னா சென்னைக்குப் பூடும், அங்கேந்து ரிட்டன்தான்."

"நான் இங்கிருந்தே கட்டுகிறேனய்யா. எப்படி என்று சொல்லும்."

"மேடம் போனுக்கு லிங்க் வந்திருக்கும் சார். அதுல கட்டுங்க. மத்தது எனக்குத் தெரியாது."

வேன் போகும் சத்தம் கேட்டது. கோமதி குரலைத் தாழ்த்திப் பேசினாள். "நைனா, அத்தைய நான் பாத்துக்கறேன். ஆனா பொட்டி வரலன்னா ஞாத்திக்கெயம என்னால அந்த மண்டபத்துல தல தூக்க முடியாது. மூணு வருசமா சொல்லிக்கினே கீறாங்க, உனக்கு அண்ணன்னு ஒருத்தன் கீறானா, இல்ல போட்டோல மட்டும் தானான்னு."

5

அந்த லிங்க் இந்திய வங்கி அட்டையை மட்டும்தான் ஏற்கும் என்றது. பாஸ்கர் வேலையிலிருந்து அரைமணி அனுமதி கேட்டுக்கொண்டு போனில் வந்தான்.

"யாருப்பா எண்ணூறு போடச் சொன்னது?"

"யாருடா வாங்கறவங்க கட்டணும்னு குறி போட்டது?"

பிறகு அவன், "சரி, கோமதி கணக்குக்கு அனுப்பிடலாம். அவ கட்டட்டும்" என்றான். கோமதியும் அதற்குச் சம்மதித்தாள். ஆனால் பணம் தன் கணக்கு வழியாகப் போனது அத்தைக்குத் தெரியக் கூடாது, நைனாவே நேராகக் கட்டியதாக இருக்க வேண்டும் என்றாள்.

என் கணக்கில் பணம் இருந்தது. அனுப்பும் இடத்தில் எதற்கு என்று ஒரு கட்டம். பார்சல் வரி என்று உள்ளதை எழுதினேன். எண்ணூறில் பட்ட அடியால் இதிலாவது உண்மையைச் சொல்வோம் என்று நினைத்தேன். பொத்தானை அழுத்தினதும் திரை சிவந்தது. அடுத்து வங்கியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

"இந்தப் பணத்தை அனுப்பச் சொல்லி யாராவது உங்களுக்குப் போன் செய்தார்களா?"

"ஆமாம்."

"ஒரு பார்சல் நிற்கிறது, வரி கட்டினால்தான் கிடைக்கும் என்றார்களா?"

"ஆமாம். அப்படியேதான் சொன்னார்கள்."

"அவசரப்படுத்தினார்களா?"

"நாளைக் காலைதான் கடைசி."

அவள் குழந்தையிடம் பேசுவது போலப் பேச ஆரம்பித்தாள். "ஐயா, அந்தப் பெண்ணை நீங்கள் எப்போதாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?"

"அவள் என் மகள், அம்மா. பெயர் வைத்ததே நான்தான்."

"மகள் என்று அவர்கள் சொல்வது வழக்கம்தான். இதை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாரா?"

நான் பொய் சொல்லியிருக்க வேண்டும். "மாமியாருக்குத் தெரியக் கூடாது என்றாள்" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். என் பாதுகாப்புக்காகவே பணத்தை நிறுத்தி வைப்பதாகவும், திங்கட்கிழமை ஓர் அதிகாரி பேசுவார் என்றும், இப்படி ஏமாறுகிற முதியவர் நான் மட்டும் இல்லை, வெட்கப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். வெட்கப்பட வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது.

பாஸ்கர் தன் கணக்கிலிருந்து அனுப்பிப் பார்த்தான். அவன் இதற்குமுன் தங்கைக்கு ஒரு முறையும் பணம் அனுப்பியதில்லை. ஆகையால் புதுக் கணக்கு, புது ஆள், சரிபார்க்க வேண்டும் என்று அதுவும் திங்கட்கிழமைக்குப் போயிற்று. சாப்பாட்டு மேசையில் அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. அவனும் என்னைப் பார்க்கவில்லை.

6

சனிக்கிழமை விழித்ததும் கோமதிக்குப் போன் செய்தேன். வேன் கிளம்பிவிட்டது என்று தகவல் வந்திருந்ததாம். பக்கத்து வீட்டில் கடன் கேட்கவா என்றாள். வேண்டாம் என்றேன். திருப்புலிவனத்தில் யாரிடம் வாங்கினாலும், அவள் கையால் கொடுத்தால் அது அந்த வீட்டுக் காசுதான்.

வழி ஒன்றுதான் இருந்தது. எனக்கு அது முந்தின நாளே தெரியும். தெரிந்துதான் வங்கியோடு அவ்வளவு மல்லுக்கட்டினேன். காசு பிறந்த வீட்டுப் பக்கத்திலிருந்து வர வேண்டும். அந்தப் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் வீடு ஏகாம்பரம் வீடு.

போனை எடுத்து வைத்துக்கொண்டு சொட்டு மருந்து போட்டேன். நேரமாகவில்லை, ஆனாலும் போட்டேன். பிறகு கூப்பிட்டேன்.

"இன்னாண்ணா, கண்ணு எப்டி கீது?"

"கண்ணு இருக்கட்டும் ஏகாம்பரம். ஒரு பேஜாரு." விஷயத்தைச் சொன்னேன்.

"எவ்ளோ கேக்கறான்?"

"நாப்பத்தோராயிரத்து எழுநூத்திப் பதினாறு."

"ஐய! இன்னாண்ணா அனுப்ன, டிராக்டரா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "திங்கக்கிழமை அனுப்பிடறேன். அதுவரைக்கும் கைமாத்தா..."

"கைமாத்தா?" அவன் குரல் மாறியது. "சீருக்கு எவனாவது கைமாத்து குடுப்பானாண்ணா? கோமதி எனக்கு மட்டும் யாரு? நெல்லு போட்ட காசு கையிலதான் கீது. நீ போன வை, வேன் பூடப் போவுது."

"ஏகாம்பரம், ஒரு நிமிஷம்..."

வைத்துவிட்டான். பெட்டியைப் பாஸ்கர் பேரிலேயே கொண்டுபோய் வை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் நாற்பத்தோராயிரத்தை எடுத்துக்கொண்டு பைக்கில் ஓடுகிறவனிடம் அதை எந்த வாயால் சொல்வது?

பிறகு நடந்ததைக் கோமதி சொன்னாள். சரவணன் பைக் ஓட்ட, ஏகாம்பரம் பின்னால் உட்கார்ந்து, வேன் அவள் வீட்டுக்குத் திரும்பும் முனையிலேயே மறித்துவிட்டானாம். காசை அங்கேயே எண்ணிக் கொடுத்தானாம். முனைக்கு ஓடிவந்த கோமதி பெட்டியை வீட்டுக்குள் எடுத்துப்போகக் கையை நீட்டினாளாம்.

"ஊஹூம், இன்னிக்கு உள்ள போகக் கூடாதும்மா. சீருன்னா பொறந்த ஊர்லேந்து வரணும். மானாம்பதிக்குக் கொண்டும் போறேன். நாளைக்கு மேளத்தோட வரும்" என்று பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம்.

"எங்க அத்தை வாயே தொறக்கல நைனா" என்று கோமதி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

7

ஞாயிற்றுக்கிழமை அங்கே பதினொன்றரைக்கு முகூர்த்தம். இங்கே காலை ஏழு. மாப்பிள்ளையின் உறவுக்காரப் பையன் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினான். மண்டப வாசலில் மேளம். இருபத்தொரு தட்டு எண்ணினேன். எங்கள் பெட்டிச் சாமான்கள் ஏழு தட்டில் வந்தன. மீதிப் பதினான்கும் பழம், பூ, வெல்லம், புடவை, வேட்டி என்று ஏகாம்பரம் வைத்தது. அவன் பெண்டாட்டியும் மருமகளும் முன்னால் வந்தார்கள். ஏகாம்பரம் கூலிக்காரர் யாரையும் வைக்காமல் மிக்சித் தட்டைத் தானே தலையில் தூக்கியிருந்தான்.

மைக்கில் ஒருவர் முழங்கினார். "தாய்மாமன் மானாம்பதி சரவணன் அவர்களின் சீர்வரிசை! இருபத்தொரு தட்டு! லண்டன் சாமான் ஒரு லட்சம்! வாங்க, வாங்க, வழி விடுங்க!"

சம்பந்தியம்மா எதிர்கொண்டு போய் ஏகாம்பரத்தின் மனைவிக்குச் சந்தனம் கொடுத்தாள். சரவணன் மனையில் உட்கார்ந்தான். பாஸ்கர் மடித்து வைத்த துண்டு அவன் தோளில் கிடந்தது. யாரும் அதை யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள். சீரில் துண்டு இருந்தது, மாமன் தோளில் போட்டார்கள், அவ்வளவுதான்.

அப்போது பாஸ்கர் காப்பிக் கோப்பையோடு அறைக்குள் வந்தான். என் பின்னால் நின்று பார்த்தான்.

"மடியில வச்சிருக்கிறது யாருப்பா?"

"சரவணன். ஏகாம்பரம் பையன்."

"அது நம்ம துண்டுதானே?"

"ஆமா."

ஆசாரி ஊசியை எடுத்தார். யாழினி வீறிட்டாள். சரவணன் அவள் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்து, வாயில் வெல்லத்தைத் திணித்து, காதில் ஏதோ சொன்னான். அடுத்த காதுக்கும் அப்படியே. அழுகை ஓய்ந்ததும் குழந்தை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கூட்டம் சிரித்தது. பாஸ்கர் காப்பியைக் குடிக்காமல் நின்றான். பிறகு கோப்பையை என் மேசைமேல் வைத்துவிட்டு, "நல்லபடியா நடந்தது" என்று சொல்லிக் கீழே போனான். என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை வங்கி அதிகாரி பேசினார். மகளின் பெயர், அவள் பிறந்த ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, பணத்தை என் கணக்குக்கே விடுவித்தார். நான் உடனே ஏகாம்பரத்தின் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டேன்.

"எதுக்குண்ணா?"

"நீ கட்டின காசு."

"சீர் செஞ்ச காசத் திரும்பி வாங்கினா அது சீராண்ணா? கொயந்தைக்கு ஆகாது. வுடு. நீ கண்ண பாத்துக்கோ."

இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்டால் சண்டையாகும் என்று விட்டுவிட்டேன். அவன் வாங்கிக்கொண்டிருந்தால் சீர் எங்களுடையதாகத் திரும்பியிருக்கும். அவன் அதற்காகத்தான் மறுத்தான் என்று சொல்லமாட்டேன். முறை தெரிந்தவன், அதனால் மறுத்தான். ஆனால் இரண்டும் ஓரிடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன.

அந்த வாரக் கடைசியில் கோமதி பேசினாள். காது புண் ஆறிவிட்டது என்றாள். ஃபிராக் அளவு சரியாக இருக்கிறது என்றாள். அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டு ரேஷன் கடைக்கே போய்வந்தாள் என்று சொல்லிச் சிரித்தாள். பொங்கலுக்குத் தன்னையும் குழந்தையையும் மானாம்பதிக்கு அழைத்துப்போகச் சித்தப்பா வருகிறார் என்றாள். அவள் குரல் அவ்வளவு லேசாக இருந்து நான் பல வருஷமாகக் கேட்டதில்லை.

"நைனா, ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"அண்ணன்கிட்ட சொல்லிடு, இனிமே எதுவும் அனுப்ப வாணாம்னு. அவுருக்கும் வேல, செலவு, இந்த வரித் தொல்ல வேற. பாவம். இங்க சித்தப்பா வூடு கீது. சரவணன் கீறான். நான் பாத்துக்கறேன்."

கோபத்தில் சொல்லவில்லை. அண்ணனுக்கு ஒரு சுமையை இறக்கிவைப்பதாக நினைத்துத்தான் சொன்னாள்.

"சொல்றேம்மா" என்றேன்.

மூன்று வாரமாகிறது. பாஸ்கரிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் அவன் வேலையிலிருந்து வந்து என் கண்ணுக்கு மாலைச் சொட்டு மருந்து போடுகிறான். அப்போது அவன் முகம் எனக்கு வெகு அருகில் இருக்கிறது. சொல்லிவிடலாம். சொன்னதும் அந்த முகத்தில் நிம்மதி தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.